சடையாண்டியார் வீட்டுத் துணிக்கொடி

ஒரு காட்டில் ஒரு கரடிக் குடும்பம் இருந்தது. அப்பா சடையாண்டியார், அம்மா வெள்ளையம்மா, மூன்று குட்டிகள். வெள்ளையம்மா கன்னங்கரேல் என்றுதான் இருப்பாள். பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ ஆசை, விடுங்கள். நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சடையாண்டியார் ஒரு கொள்கையோடு வீட்டுக்கு வந்தார். அன்று பிடித்தது சனி.

அந்தக் காட்டில் எல்லாமே ஒரு தடவை துடைத்துவிட்டுத் தூக்கிப் போடுவதாக ஆகியிருந்தது. தேன் தின்றால் டிஷ்யூ பேப்பர், குட்டிக்கு டயாபர், கடைக்குப் போனால் பிளாஸ்டிக் பை. ஓடை அடைத்துக்கொண்டு தண்ணீர் நாறியது. அதனால் காட்டு நலச் சங்கத் தலைவர் மயிலார் கூட்டம் போட்டு, "எல்லோரும் துணிக்கு மாறுங்கள்! துடைக்கத் துணி, வடிகட்டத் துணி, குட்டிக்கும் துணி!" என்று தோகையை விரித்துப் பேசினார். நியாயமான பேச்சு. தப்பே சொல்ல முடியாது. மயிலார் வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சடையாண்டியார் ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இனிமே நம்ம குகைக்குள்ள பேப்பர்னு ஒண்ணு வரக் கூடாது, வெள்ளையம்மா. எல்லாம் துணி."

"நல்லதுதாங்க. யாரு துவைக்கிறது?"

"அதெல்லாம் ஒரு விஷயமா? தன்னால நடக்கும்."

அந்தக் குகையில் எது தன்னால் நடந்தாலும் அதை வெள்ளையம்மாதான் செய்திருப்பாள்.

தேன் பட்ட துணியைத் துவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைத் தண்ணீருக்கு மசியாது. சுடுதண்ணீரில் ஊறப் போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் எறும்பு ஏறிவிடும். கடைக்குட்டியின் துணிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். போதாததற்கு ஐப்பசி அடைமழை வேறு. குகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியும் ஒன்றும் காயவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈரத்துணி முகத்தில் அறைந்தது. சடையாண்டியார் அந்தக் கொடியைப் படம் எடுத்து, 'எங்கள் வீட்டில்' என்று எழுதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல் குவிந்தது. வெள்ளையம்மாவுக்குக் கையில் தோல் உரிந்தது.

அவள் பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அக்கரை மலையில் தங்கை செம்பாவுக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத பெண். அக்காதான் முதல் வளையல் போட வேண்டும். அதை நினைத்துக்கொண்டேதான் துவைத்தாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் சடையாண்டியார் போனை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு மயிலார் வர்றாரு. முன்மாதிரிக் குகையைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. துணியெல்லாம் பளிச்சுனு இருக்கணும், சொல்லிட்டேன்."

"நாளைக்கு வளைகாப்புங்க."

"நீ போகலைன்னா உன் தங்கச்சிக்குக் குட்டி பொறக்காமப் போயிடுமா?"

வெள்ளையம்மா கையில் இருந்த துணியைப் பிழிந்து, உதறி, அவர் தோளில் போட்டாள்.

"துணி இங்க. சோப்பு அங்க. குட்டிங்க மூணும் உள்ள தூங்குது. நான் போயிட்டு நாளைக்கு வர்றேன்."

அவள் மழையில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் செம்பாவின் கையில் முதல் வளையலை அவள்தான் போட்டாள். செம்பா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னக்கா இது, கையெல்லாம் இப்படி?"

"கொள்கைடி," என்றாள் வெள்ளையம்மா.

அவள் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. குகை வாசலில் கூட்டம். வெளியே கட்டிய கொடியில் வரிசையாகத் துணிகள், வெள்ளை வெளேர் என்று.

"ஒரு கறை உண்டா? நாற்றம் உண்டா?" என்று மயிலார் முழங்கிக்கொண்டிருந்தார். "அந்த முயல் வீட்டிலும் துணிதான். எல்லாம் பழுப்பு. கிட்டே போக முடியவில்லை!"

கூட்டத்தின் ஓரத்தில் முயல் அலமு நின்றிருந்தாள். அவள் கையிலும் தோல் உரிந்திருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மயிலார் சடையாண்டியாருக்குப் பொன்னாடை போர்த்தினார். "இது என் ஒருவனுடைய உழைப்பு அல்ல," என்றார் சடையாண்டியார் தழுதழுத்து. "என்னுடைய விடாமுயற்சியும் இதில் இருக்கிறது."

ஒரு நிமிஷம் வெள்ளையம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. அட, மனுஷன் உட்கார்ந்து துவைத்திருக்கிறாரே! ஆசையாகப் போய் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொட என்று புதுத்துணிக் கஞ்சி. தண்ணீரே பட்டதில்லை.

மூத்த குட்டி வந்து காதைக் கடித்தாள். "அம்மா, அப்பா பரண்ல ஒளிச்சு வெச்சிருந்த பேப்பர், டயாபர் எல்லாத்தையும் எடுத்துத் தீர்த்துட்டாரு. பின்னாடி புதர்ல கெடக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாதாம்."

வெள்ளையம்மா போய்ப் பார்த்தாள். குட்டி மலையாகக் குப்பை. அதன் மேல், அவள் வாரம் முழுக்கத் துவைத்த துணிகள், எறும்பு மொய்த்தபடி.

கூட்டம் கலைந்தது. கடைக்குட்டி வழக்கம்போலத் தேன் கலயத்தைக் கவிழ்த்தான். வெள்ளையம்மா புருஷன் தோளில் இருந்த பொன்னாடையை உருவித் தரையைத் துடைத்தாள்.

"ஏய், ஏய்! அது பொன்னாடைடி!"

ஜரிகை ஒரு சொட்டுத் தேனை உறிஞ்சவில்லை. தள்ளத் தள்ள வழுக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"ஒண்ணுத்துக்கும் உதவாது. நீங்களே வெச்சுக்குங்க," என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு வாளியைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். "புதரைப் பார்த்துட்டேன். மயிலாரைக் கூட்டிட்டு வந்து காட்டவா, இல்ல வாளியைத் தூக்குறீங்களா?"

சடையாண்டியார் பொன்னாடையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தூக்கினார்.

அன்றிலிருந்து அவர்தான் துவைக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே துவைக்கிறார். அந்தக் குகையிலிருந்து ஒரு தாள்கூட வெளியே போவதில்லை. புதரில் கிடக்கும் குவியலை மட்டும் வெள்ளையம்மா யாரையும் அள்ள விடுவதில்லை.

அப்புறம் ஒரு நாள் அவள் அலமுவைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் பரணை ஒரு தடவை பார்த்துடு," என்றாள். அடுத்த வாரம் ஓடைக்கரையில் அவரும் வாளியோடு நின்றார். செய்தி பெண்கள் வழியாகப் பரவியது. இப்போது ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. நேற்று மயிலாரே தோகையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்க வந்தாராம்.

நீதி: காட்டைக் காப்பாற்றக் கொள்கை மட்டும் போதாது, கொள்கைக்காரர் குப்பையை எங்கே ஒளித்தார் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.