பள்ளத்துக்கு ஒரு நெறிமுறைக் குழு

மனிதகுலம் இதுவரை கண்ட குழுக்களிலேயே மேன்மையானது, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிச் சந்தில் இயங்கிய 'கணிப்புச் சந்தை நெறிமுறைக் குழு'தான். தலைவர் வளவன், லுங்கி மொத்த வியாபாரி. உறுப்பினரும் அவர் ஒருவரே என்பதால் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின.

சந்து வியாபாரிகள் செல்போன் செயலி ஒன்றில் நாளை நடக்கப்போவதன் மீது பணம் கட்டுவார்கள். மழை வருமா, காவிரியில் தண்ணீர் திறப்பார்களா, ஆம் அல்லது இல்லை. இதைச் சூதாட்டம் என்று சொன்னவர்களை வளவன் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார். சாவு, விபத்து, நோய் மீது யாரும் பணம் கட்டக்கூடாது என்று முதல் விதியையே எழுதியவர் அவர்தானே.

வளையல் கடை ராசாத்தியின் வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தது. உடனே கேள்வி பிறந்தது: 'வெள்ளிக்கிழமைக்குள் பள்ளம் மூடப்படுமா?' நாற்பத்திரண்டு பேர் 'இல்லை' என்று கட்டினார்கள். வளவனும் கட்டினார், நெறிமுறைக்கு உட்பட்டு.

ராசாத்தி ஒரு வண்டி மண்ணுக்குச் சொல்லியிருப்பது தெரிந்ததும் குழு அவசரமாகக் கூடியது. 'தனிநபர் பள்ளத்தை மூடுவது சந்தையில் தலையீடு' என்று தீர்மானித்து, வண்டியைச் சந்து முனையிலேயே திருப்பி அனுப்பியது. அவள் சளைக்கவில்லை. எல்லா ஊரிலும் செய்வதுபோல ஒரு வேப்பங்கிளையை ஒடித்து, சிவப்புத் துணி கட்டிப் பள்ளத்தில் நட்டு வைத்தாள். கிளையைப் பார்ப்பவர்களுக்குப் பள்ளம் இப்போதைக்கு மூடாது என்ற ரகசியத் தகவல் கசிந்துவிடும் அல்லவா? வளவன் அதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார்.

வியாழக்கிழமை மழையில் பள்ளம் நிரம்பி ரோட்டோடு ரோடாகத் தெரிந்தது. டியூஷன் விட்டு வந்த ராசாத்தியின் மகள் கனிஷ்கா அதில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

வளவன் உடனே கடையை மூடிவிட்டுக் கிளம்பினார். ஆனாலும் நெறிமுறை நெறிமுறைதான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், விபத்து மீது ஒருவர்கூடப் பணம் கட்டவில்லை என்று ராசாத்திக்கு உறுதியளித்தார்.

"பள்ளத்து மேல கட்டுனீங்களேங்க," என்றாள் அவள்.

"அது கணிப்புங்க. நம்ம சந்துக் கணிப்பு இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்புனதில்ல."

ராசாத்தி மகளின் மாவுக்கட்டுக் காலை மெல்லத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள்.

"எப்படிங்க தப்பும்? தப்பாம நீங்கதான் பாத்துக்கிட்டீங்களே."