குறைய மறுத்த எலெக்ட்ரான்கள்

"ஆர்கான் கேஸை மூடியாச்சா?" என்றார் பேராசிரியர்.

"மூடியாச்சு சார்."

"அப்புறம் ஏன் இது ஓடுது?"

திரையில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஆராய்ச்சி மாணவியான அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கற்றையில் பாய்ந்து வரும் அயனி, கலத்துக்குள் இருக்கும் ஆர்கான் அணுவில் மோதினால் எலெக்ட்ரான் தெறிக்கும். கருவி அதை எண்ணும். ஆர்கானை மூடிவிட்டால் மோத ஆளில்லை; எண்ணிக்கை விழ வேண்டும். விழவில்லை.

"அப்போ இத்தனை நாளா நீ எண்ணினதெல்லாம் குப்பையா?"

"இல்ல சார். என் அளவு சரி."

"வாயால சொன்னாப் போதாது. சாயங்காலத்துக்குள்ள இறக்கிக் காட்டு. இல்லேன்னா உனக்கு ஒதுக்கின கற்றை நேரத்தைப் பக்கத்து ரூமுக்குக் கொடுத்துடுவேன்."

பக்கத்து அறைக்காரன் சீனியர். அப்பா பேராசிரியர், தாத்தாவும் பேராசிரியர். அவள் வீட்டிலோ கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பேராசிரியர் போனதும் அவன் தலை நீட்டினான்.

"என் கருவியில காலையிலேர்ந்து சுத்த பூஜ்யம். மதியம்தான் கேஸே திறக்கப் போறேன். மூடியிருந்தா இப்படித்தாம்மா இருக்கணும்."

"அம்மான்னெல்லாம் கூப்பிடாதீங்க. கிளம்புங்க."

அவன் சிரித்துக்கொண்டே போனான். முதலில் பழைய கேபிள் மேல் சந்தேகப்பட்டாள். புதியதை மாட்டினாள். எண் ஏறியது.

கற்றை கோணலாக வந்து சுவரில் உரசுகிறதோ? நேராக்கினாள். இன்னும் ஏறியது.

டிடெக்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சரியான அளவில் வைத்தாள். எண் எகிறிக் குதித்தது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"என்னடி பண்றே?"

"எலெக்ட்ரான் எண்றேன்."

"இன்னுமா எண்ணி முடியல?"

"குறைய மாட்டேங்குதும்மா!"

"குறையலேன்னா நல்லதுதானே?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. வை."

மிச்சம் இருந்தது கேஸ் வால்வு ஒன்றுதான். கசிகிறதோ என்னவோ. பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சிலிண்டர் கூண்டின் முன்பக்கம் பெயின்ட் ஈரம் காயவில்லை. காலையில் போலவே சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். இடது வால்வு அவளுடையது, வலது அவனுடையது. முன்பக்கம் நின்றே பழகின கை, கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். பேராசிரியர், சீனியர், சீனியரின் தாத்தா என்று எல்லார் கழுத்தையும் நினைத்துக்கொண்டு இடது வால்வை முறுக்கினாள். இனி யானை வந்தாலும் திறக்க முடியாது.

திரும்பி வந்தாள். எண் அசையவில்லை. அதே உச்சம்.

சாயங்காலம் பேராசிரியர் வந்தார். திரையைப் பார்த்தார்.

"இறக்கச் சொன்னா ஏத்தி வச்சிருக்கே!"

"சார், கேபிள் புதுசு. கற்றை நேர். டிடெக்டர் கனகச்சிதம். உள்ள அயனி எதுலயோ மோதுது. எதுலன்னு தெரியல. ஆனா என் கருவி பொய் சொல்லாது."

"வெற்றிடத்துல மோதுதாக்கும்? உலகத்துக்கே தெரியாத இயற்பியல் உனக்கு மட்டும் தெரியுது!"

"ஆமா சார். நான் எண்ணினது எண்ணினதுதான்."

"போதும்." கற்றையைப் பக்கத்து அறைக்குத் திருப்பச் சொல்லப் பேராசிரியர் தொலைபேசியை எடுத்தார்.

அப்போது கையெல்லாம் பெயின்டோடு ஒருவர் கதவருகே வந்து நின்றார். காலையிலிருந்து கூண்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர்.

"மேடம், அந்தப் பெரிய ஸ்பேனரைக் கொஞ்சம் தர்றீங்களா? பக்கத்து ரூம் சாரோட கேஸ் வால்வை எவரோ முறுக்கு முறுக்குன்னு முறுக்கி மூடிட்டாங்களாம். மதியத்திலேர்ந்து திறக்க முடியாம அழாத குறையா நிக்கிறாரு!"