துருக்கையனை விண்வெளிக்குக் கூட்டிப்போன விவரம்

அன்பிற்குரிய மச்சானுக்கு, மூன்று தாள்களைக் கிழித்துப்போட்டுவிட்டு நான்காவது தாளில் உன் அத்தான் எழுதுவது.

இங்கே நான் நலம். உன் அக்கா நலம். அவள் ஓட்டும் நகரப் பேருந்தும் போன மாதம் புது பிரேக் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறது. மேல்மாடித் தையல்காரருக்கு முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. அங்கே நீயும், உன் சரக்குக் கப்பலும், நீ எண்ணெய் போட்டுத் துடைக்கும் இயந்திரங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்தபடியாகத் துருக்கையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாய். உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படி.

நீ கப்பலேறுவதற்கு முந்தின நாள் துருக்கையனின் பலம், பலவீனம் எல்லாம் எழுதிய தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஏதோ சொத்துப் பத்திரம் மாதிரி என் இரண்டு கையிலும் கொடுத்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாலு வருடமாக ஞாயிறு பிற்பகல்தோறும் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண் பரிசோதிக்கும் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி உருட்டி நாம் வளர்த்த கற்பனை நகரத்து ஆள் அவன். பாதி உடம்பு இயந்திரமாகவும் மீதி மந்திரமாகவும் திரியும் மனிதர்கள், மின்கம்பிகளில் கூடு கட்டும் பூதங்கள், எல்லோரையும் ஆட்டிவைக்கும் கோபுரக் கம்பெனி. கதையை நடத்துவது நான், நடப்பதைத் தீர்மானிப்பது பகடை. அதற்குள்ளே உன் அக்கா ஆந்தை என்கிற வண்டியோட்டி, தையல்காரர் முடிச்சு என்கிற மந்திரவாதி, நீ இரும்புக் கை துருப்பிடித்த துருக்கையன். அன்று நீ இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டாய். "நான் வர்ற வரைக்கும் இவனைச் சாக விடாதீங்க அத்தான். நகரத்தை விட்டு வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க." நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

ஆரம்பத்தில் சொன்ன சொல் தவறவில்லை. பேட்டரிக் கடைத் தெருவில், கடைக்கு மேலே இருக்கும் அறையில் துருக்கையனைப் படுக்க வைத்து, தையல்காரரின் மந்திரத்தால் நீ வரும்வரை தூங்கும்படி செய்தோம். அதோடு அவனை மறந்துவிட்டு நாங்கள் மூவரும் கோபுரக் கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதாகத் திட்டம். ஆனால் உன் அக்கா மறக்க வேண்டுமே. கம்பெனிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் நேரத்தில், வழியில் பேட்டரிக் கடை வருமா என்று கேட்பாள். வராது என்பேன். சுற்றிக்கொண்டு போனால் வருமா என்பாள். போய் மாடியேறி, கதவைத் திறந்து, அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கப் பகடை உருட்டினாள். அடுத்த ஞாயிறும் உருட்டினாள். தையல்காரர் பொறுமைசாலி என்று உனக்குத் தெரியும், சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு ஆறு மாதம் வராதவர்களையும் முகம் சுளிக்காமல் பார்ப்பவர். அவரே ஒரு நாள் கடை வாசலில் என்னை நிறுத்தி, இது விளையாட்டா அல்லது ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கும் நேரமா என்று கேட்டார். இனிமேல் தனக்குச் சரிப்படுமா தெரியவில்லை என்றும் சொன்னார். நாலு வருட நகரம் என் கண் முன்னே ஆளில்லாமல் போகப் பார்த்தது, மச்சான்.

அதனால்தான் விண்வெளி. உன் அக்கா நடந்து போக முடியாத தூரம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. கோபுரக் கம்பெனியின் கோபுரமே உண்மையில் ஒரு விண்கலம்தான், நூறு வருடமாக யாரோ கிளப்புவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை அறிவித்தபோது தையல்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உன் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "அவனை விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்றாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அரை மணி நேரம் மூவரும் தேநீர் குடித்தோம். பிறகு தையல்காரர்தான், அவர் பாட்டுக்கு, நகரத்தை விட்டு அவன் வெளியே போகாமல் நகரம் அவனோடு போனால் தப்பில்லையே என்றார். உடனே பகடையை எடுத்தார். பேட்டரிக் கடைத் தெருவைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மந்திரக் கத்தரிக்கோலால் முனையிலிருந்து முனைவரை வெட்டி எடுத்து, வீடு, கடை, விளக்குக் கம்பம், தூங்கும் நீ, நானூறு குடித்தனம் எல்லாவற்றோடும் கோபுரத்தின் அடியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தார். ஆகவே சட்டப்படி பார்த்தால் நீ நகரத்தை விட்டு ஓர் அடி கூட வெளியே போகவில்லை.

இங்கேதான் ஒரு சின்னத் தவறு நடந்தது. யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. விண்கலம் மூன்று பத்துக்குக் கிளம்பும் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நேரம் சொன்னால் உன் அக்கா எப்படி என்று உனக்குத் தெரியும், பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. அவள் பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தையல்காரர் இன்னும் கடைசி மூலையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கெஞ்சினார். அவளோ மூன்று பத்தாகிவிட்டது, ஏறுகிறவர்கள் ஏறலாம் என்றாள். வேறு வழியில்லாமல் அவர் அந்த மூலையில் மட்டும் அவசர அவசரமாக, இழுத்தால் பிரிந்துவிடும் ஓட்டுத் தையல் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியின் மிதிகட்டையை மிதித்தார். நாற்காலி அவளோடு மெல்ல மெல்ல மேலே போனது. நான் விளக்கை அணைத்துவிட்டு, ஊசியால் குத்திய கறுப்பு அட்டையைப் பரிசோதனை விளக்கின் முன்னால் பிடித்தேன். சுவரில், எழுத்துப் பலகையின் மேலே, நட்சத்திரம் வந்தது. அந்த நேரத்தில் நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

விளக்கைப் போட்டபோது வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசிக்கிற கண்ணாடி தயாராகிவிட்டதா என்று கேட்க வந்தவர். ஓய்வு பெற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எது என்பது தெரிவதில்லை. ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். தெருவொன்றை விண்வெளிக்குக் கொண்டுபோகிறோம் என்று விளக்கினேன். பைத்தியம் என்று நினைத்துப் போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நானூறு குடித்தனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டார். பூதங்களுக்கு எத்தனை கை என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன், சாக்கடையை யோசிக்கவே இல்லை. அவரும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். அடுத்த மூன்று ஞாயிறும் நாங்கள் சண்டை எதுவும் போடவில்லை, குழாய்தான் போட்டோம். சனிக்கோளின் வளையத்தில் கூட்டமாகத் திரியும் பனிக்கட்டிப் பேய்களைப் பிடித்து உருக்கித் தொட்டியில் விட்டோம். உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உன் அக்கா அந்த மூன்று வாரமும் ஒரு தடவை கூட மாடிக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

இனி நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட இடத்துக்கு வருகிறேன். நான்காவது ஞாயிறு, கம்பெனியின் பழைய காவல்கலம் ஒன்று எங்களைத் துரத்தியது. உன் அக்கா பேருந்து மாதிரி ஒடித்துத் திருப்பினாள். திருப்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டுத் தையல் பிரிந்துவிட்டது. தெருவின் மூலை கிழிந்து தனியாகப் போனது, அந்த மூலையில் பேட்டரிக் கடை, அதன் மேலே அந்த அறை. பகடை சொன்னதை நான் சொன்னேன், மச்சான். கதை நடத்துகிறவன் பகடையை மறைக்க ஆரம்பித்தால் அப்புறம் விளையாட்டு எதற்கு. கிழிந்த இடம் வழியாகக் காற்று போகிறது, நானூறு குடித்தனத்துக்கும் மூச்சு முட்டுகிறது. முதலில் யாரைப் பார்ப்பது என்று கேட்டேன். உன் அக்கா பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உருட்டவே இல்லை. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிக் கடையின் முன்பக்கம் போய், கண்ணாடிச் சட்டங்கள் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்து நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. நான் பின்னாலேயே போனேன்.

"அவன் நிஜமாவே எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல" என்றாள். "இருபது நாளா ஒரு தகவலும் இல்ல. இங்க ஒரு ரூம்ல பத்திரமா இருக்கான்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். அதுவும் போச்சு."

அந்த இருபது நாளும் உன் கப்பல் நடுக்கடலில் இருந்தது, தொலைபேசி எட்டாது என்று நீயே சொல்லிவிட்டுத்தான் போனாய். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தாலும் என்ன செய்வது. நான் மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர்தான் உள்ளேயிருந்து மெதுவாக வந்தார். முப்பத்தோரு வருடம் உடைந்த குழாய்களின் பக்கத்தில் நின்ற மனிதர்.

"குழாய் உடைஞ்சா ரெண்டு பக்கமும் வால்வை மூடணும்மா" என்றார். "மூடிட்டா நேரம் கிடைக்கும். நேரம் கிடைச்சா தேடலாம். யாரையும் விட்டுட்டுப் போக வேண்டியதில்ல."

போட்ட குழாய்களின் வரைபடத்தை அவர் மேசையில் விரித்தார். காற்றுக்கும் வால்வு வைத்திருக்கிறாராம், எங்களிடம் சொல்லவில்லை, கேட்டால் நான் செலவு அதிகம் என்று மறுத்திருப்பேன் என்று நினைத்தாராம். ஒவ்வொன்றாகப் பகடை உருட்டி மூடினார். உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். தையல்காரர் நூலை வீசி, கிழிந்த மூலையைப் பிடித்து இழுத்தார். அவள் அந்த அறையின் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்தில் நிறுத்துவது போல, ஒரு சாண் இடைவெளியில் கலத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தையல்காரர் எழுந்து நின்று கைதட்டினார். துருக்கையன் காப்பாற்றப்பட்டான். தூக்கம் கூடக் கலையவில்லை.

ஆனால் கலத்தின் கதவு சாத்தும்போது அவனுடைய இரும்புக் கை அதில் மாட்டிக்கொண்டது. கை போய்விட்டது. இதை இன்னும் நாசூக்காகச் சொல்ல முடியுமா என்று பார்த்துத்தான் முதல் மூன்று தாளைக் கிழித்தேன். நாலு வருடம் அந்தக் கைக்கு நீ எண்ணெய் போட்டதெல்லாம் எனக்குத் தெரியும். பெரியவர் தன் செலவில் புதுக் கை ஒன்று செய்து பொருத்தியிருக்கிறார். பித்தளை. நல்ல வேலைப்பாடு. கட்டைவிரலைத் திருகினால் தண்ணீர் வரும். இன்னொரு செய்தியும் உண்டு: தெருக்காரர்கள் தேர்தல் நடத்தி உன்னைத் தலைவராக்கிவிட்டார்கள். யாரோடும் சண்டை போடாத ஒரே ஆள் நீதானாம், தூங்கிக்கொண்டிருப்பதால். எதிர்த்து நின்ற தையல்காரர் மூன்றே வாக்கு வாங்கினார். கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் உனக்குப் புது உடுப்பு தைத்து வைத்திருக்கிறார்.

மற்றபடி இங்கே நிம்மதியாக இருக்கிறோம். உன் அக்கா வளையத்தில் இருக்கும் பாறைகளுக்கு நேர அட்டவணை போட்டு, ஒவ்வொன்றிலும் நிறுத்தி, பேய்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள். பெரியவருக்குக் கண்ணாடி கொடுத்து இரண்டு மாதமாகிறது, இன்னும் அதைச் சரிபார்க்க ஞாயிறுதோறும் வருகிறார். ஞாயிறு பிற்பகல் எப்போது வரும் என்று நானும் திங்கட்கிழமையே நினைக்க ஆரம்பித்துவிடுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. அதற்காக, மூத்தவன் என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் மீது கோபம் இருந்தால் கடலில் இருக்கும்போதே தீர்த்துக்கொண்டு வா.

உனக்கும், உன்னோடு வேலை செய்பவர்களுக்கும் நல்ல காற்றும் அமைதியான அலையும் கிடைக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, இது உன் அக்கா எழுதச் சொன்னது.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். என் பெயருக்கு வந்ததுதான், ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அக்கா பிரித்துவிட்டாள். எங்கள் எல்லோருடைய தாள்களையும் எங்களுக்குத் தெரியாமல் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்; இயந்திர அறையில் நாலு பேரைச் சேர்த்து நீயே கதை நடத்தியிருக்கிறாய்; நம் நகரத்தை அப்படியே கடலுக்கடியில் இறக்கியிருக்கிறாய்; முடிச்சு மந்திரவாதியைத் திமிங்கிலம் விழுங்கிவிட்டது, உன் கப்பல் சமையல்காரர் கையில் விளையாடக் கொடுத்த ஆந்தையும் இரண்டாவது வாரமே செத்துவிட்டாள். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்" என்று கடைசி வரியில் எழுதியிருப்பதையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தலையையும் நிமிர்த்திக்கொள்கிறேன். உன் அக்கா கோபப்படவில்லை. கடிதத்தை மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்மளையெல்லாம் கூட்டிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். பிறகு வேலைக்குக் கிளம்பி வாசல் வரை போனவள் திரும்பி வந்து, உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னாள்.

"அந்தச் சமையல்காரர் என்னை நல்லா வண்டி ஓட்டவிட்டாரான்னு கேளுங்க."