மொக்கைச்சாமிக்கு மூன்று ரத்தம்

மொக்கைச்சாமியின் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று வந்ததும் பாலகணேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அப்போதும் ஓ பாசிட்டிவ்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கோப்பில் அவனே தன் கைப்பட எழுதியிருந்தது பி பாசிட்டிவ்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இறங்கும். ரத்த வகை சாகும்வரை மாறாது.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த ஆராய்ச்சி மையம். சர்க்கரை நோய்க்கான புது மாத்திரை ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

பாலகணேஷ் அங்கே லேப் டெக்னீஷியன். தளவாய்புரத்துக்காரன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நர்ஸ் ரத்தம் எடுத்து ஜன்னல் வழியாக டியூபை நீட்டுவாள், அவன் பரிசோதிப்பான். வந்தவர்களின் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. ஆனால் போனில் எல்லோரையும் தெரியும். எந்த நாளில் வர வேண்டும், சர்க்கரை எவ்வளவு என்று சொல்வது அவன்தான்.

கூமாப்பட்டி மொக்கைச்சாமிக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. இந்தத் தடவை ஐந்து புள்ளி நான்கு, நோயே இல்லாதவர்களுக்கு வருகிற அளவு. பாலகணேஷ் முதலில் சந்தோஷப்பட்டான். பிறகு சந்தேகப்பட்டான். சந்தேகத்தில்தான் ரத்த வகையையும் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்று காலை ரத்தம் கொடுத்தவர் மொக்கைச்சாமி ஒருவர்தான். டியூப் மாறியிருக்க வழியில்லை. அப்படியானால் ஆறு மாதத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், தான்தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். ஒன்று தப்பு என்றால் அந்த வாரம் பார்த்த எத்தனை தப்போ.

இன்னொரு முறை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று மொக்கைச்சாமிக்குப் போன் போட்டான். டியூப் கை தவறி உடைந்துவிட்டது, நாளைக்கு ஒருமுறை வர முடியுமா என்று பொய் சொன்னான். "நாளைக்கேவா தம்பி?" என்று கேட்டார் மொக்கைச்சாமி. ஏற்பாடு பண்ணுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். தன் ரத்தத்தைத் தானே கொண்டுவர என்ன ஏற்பாடு என்று பாலகணேஷுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் வந்த ரத்தம் ஏபி பாசிட்டிவ்.

பாலகணேஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒரே மனுஷனுக்கு மூன்று வகை. அப்படியென்றால் ரத்த வகை பார்க்கிற மருந்துதான் கெட்டிருக்க வேண்டும். இருந்த மூன்று பாட்டிலையும் கொட்டிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். அங்கே லேப் வைத்திருந்த நண்பன் ஜோயலிடம் புது பாட்டில்களைக் கடனாக வாங்கிவந்தான். அதிலும் ஏபி. புது மருந்தும் சரியில்லையோ என்று தன் விரலைக் குத்திப் பார்த்தான். ஏ பாசிட்டிவ் வந்தது. அவன் ஏ பாசிட்டிவ்தான். நம்பிக்கையில்லாமல் அடுத்த விரலையும் குத்தினான். மூன்றாவது விரலில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் மாரிச்செல்வி பார்த்துவிட்டாள்.

மாரிச்செல்வி சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; நரம்பைத் தேடுகிற பதற்றத்தில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விஷயத்தைக் கேட்டதும் தான்தான் டியூபில் பேரை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று கண் கலங்கினாள். அவளைச் சமாதானப்படுத்த, உன் மேல் தப்பில்லை, பிரிட்ஜ்தான் சரியில்லை போலிருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னான். அவள் அதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

டாக்டர் வெங்கடேஸ்வரி உடனே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வெறும் வயிற்றோடு காத்திருந்த பதினான்கு பேர் திட்டிக்கொண்டே படியிறங்கினார்கள். மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து நாள் முழுக்கப் பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல பிரிட்ஜை நான் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார். கழற்றியதில் ஒரு திருகாணி மட்டும் மிச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு பிரிட்ஜ் குளிரவில்லை.

திங்கட்கிழமை மருந்துக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலை பாலகணேஷ் நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் வேலையை விட்டு விலகுவதாகக் கையெழுத்தும் போட்டு டாக்டரிடம் நீட்டினான். வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ராஜபாளையத்தில் ஆராய்ச்சியில் இருக்கிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

டாக்டர் முழுவதையும் நிதானமாகப் படித்தார். திட்டவில்லை. கார் சாவியை எடுத்தார்.

"வா, அந்த மனுஷனையே பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

கூமாப்பட்டியில் மொக்கைச்சாமி வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். பாலகணேஷ் தன் பேரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். குரலை வைத்தே அடையாளம் தெரிந்துவிட்டது. டாக்டரையும் பார்த்ததும் முகம் வெளுத்தது. டாக்டர் விரலை நீட்டச் சொன்னார். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. பாலகணேஷ் கையோடு கொண்டுவந்திருந்த மருந்தில் ரத்த வகையைப் பார்த்தான்.

பி பாசிட்டிவ்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முதல் வாரத்தில் பார்த்தது சரி. எல்லாமே சரி. டாக்டர் வேறு காகிதம் இல்லாமல், அவனுடைய ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே தேதி போட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார்.

"அப்பம் எங்களுக்கு ரத்தம் குடுத்தது யாருய்யா?" என்று கேட்டார்.

மொக்கைச்சாமி டாக்டருக்குப் பதில் சொல்லாமல் பாலகணேஷைப் பார்த்துப் பேசினார்.

"மொத வாட்டி பத்துன்னு சொல்லும்போது உன் கொரலு அப்பிடியே எறங்கிப் போச்சு தம்பி. அடுத்த வாட்டி பத்தரைன்னு சொல்லும்போது அழுதுருவ போல இருந்துச்சு. மாத்திரை கேக்கலைன்னா உங்க சென்டரையே மூடிருவாகளோன்னு வேற சொன்ன. எங்க வீட்டுல கூட எனக்குச் சுகர் கூடுனா ஒருத்தரும் அம்புட்டு வெசனப்பட்டதில்ல. நம்ம ரத்தத்தால ஒரு பிள்ளைக்கு வேலை போகக்கூடாதுன்னு தோணுச்சு. அதான் என் தம்பி சங்கையாவ அனுப்பிச்சேன். அவனுக்குச் சுகர் கெடையாது."

ஆதார் அட்டையைக் கேட்கவில்லையா என்றார் டாக்டர். அட்டையைக் கொடுத்துத்தான் அனுப்பினாராம். அதில் இருக்கிற மூஞ்சி தனக்கே அடையாளம் தெரியாது என்றார். மறுநாளே திரும்ப வரச் சொன்னதில்தான் சிக்கல். சங்கையா மகாராஜபுரத்துக்குத் தேங்காய் வெட்டப் போய்விட்டதால், மச்சினன் லிங்கேஸ்வரனை அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

முகம் தெரியாத மனுஷர், பாலகணேஷின் குரல் இறங்கியதற்காக இரண்டு பேரை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தான். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குத்திய அவர் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஐயா, மாத்திரை கேக்கலைன்னா அதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான். ஒங்க ரத்தத்தப் பாத்தாத்தான் ஒங்களுக்கு வைத்தியம் பாக்க முடியும். இனிமே நீங்களே வரணும். இந்தப் பிள்ள வேலை எங்கயும் போகாது."

மொக்கைச்சாமி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்தார். கம்பெனிக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடலாம், போனது ஒருவர் கணக்குத்தானே என்று பாலகணேஷைத் தேற்றினார். "இந்த ஊர்ல மத்த பத்துப் பேருக்கும் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு பாலா. எந்த ஊர்லயும் இப்பிடி இல்ல. சமுத்திரம் ஒருத்தர்தான் ரத்தம் குடுக்கப் பாக்கி, புதன்கிழமை வாரார்" என்றார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

சங்கையாவின் மனைவி மாரீஸ்வரி சீனி போடாத டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் தயங்கி நின்றாள். என்னம்மா என்று டாக்டர் கேட்டார்.

"ஊருல சுகர் இல்லாத ஆம்பளைக எல்லாரும் குடுத்து முடிச்சாச்சு டாக்டரம்மா. புதன்கிழமை சமுத்திரம் மாமாவுக்கு நான் வரலாம்னு இருக்கேன். பொம்பள ரத்தம் செல்லுமா?"