ஒரு தலைக்கு ஒரு ஓட்டு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் ஐப்பசி 25, திங்கள்

கிள்ளானில் வாசம் செய்யும் என் அண்ணன் தம்புசாமி அவர்கள் பாதங்களுக்குத் தங்கை நல்லம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. முருகன் கிருபையால் நானும் உங்கள் மைத்துனரும் சுகம். அண்ணியும் நீங்களும் அவ்விதமே இருக்கத் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிறு காலை கோயில் வாசலில் இருந்தவர்கள்: உங்கள் மைத்துனரோடு சேர்த்து மின்சார நிலையத்துப் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவர்கள் பதினெட்டு, வண்டியிலிருந்து கரி இறக்குகிறவர்கள் பதினான்கு, சாம்பல் அள்ளும் பெண்கள் எட்டு, ஃபிட்டர் ஜெயராஜ், எங்களை வேலை வாங்கும் மண்டோர் பக்கிரிசாமி. ஆக நாற்பத்திரண்டு தலை. தலைக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு கூரை ஓடு. ஏணி மூன்று.

ஏணி எதற்கு என்பீர்கள். எல்லாம் உங்கள் கடிதத்தால் வந்தது. கோலாலம்பூர் பட்டணத்துக்கே வெளிச்சம் காய்ச்சி அனுப்புகிறவர்கள் நாங்கள், குடியிருக்கும் லயத்திலோ மண்ணெண்ணெய் விளக்குதான், மழை பெய்தால் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகி அதுவும் அணைந்துபோகும். இத்தனை நாளாக எங்களுக்காகப் பேசப் போகிற மண்டோரோ, துரை அறையை விட்டு வெளியே வந்து, “எல்லாரும் சௌக்கியம்னு சொல்லிட்டேன், போங்க” என்பார். போன வாரம் புதுத் துரை, “உங்களில் ஒருவரை நீங்களே பொறுக்குங்கள், கூரையும் கூலியும் அவரோடு பேசுகிறேன், பொறுக்கியது நியாயமா என்று வியாழக்கிழமை நானே வந்து எண்ணிப் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டார். நீங்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதே முறை என்று எழுதியிருந்தீர்கள். நானே அரிசி மூட்டைக் காகிதத்தில், “ஞாயிறு காலை லயத்தார் அனைவரும் ஓட்டுப் போட வரவும். ஒரு தலைக்கு ஒரு ஓட்டு” என்று எழுதிக் கோயில் தூணில் ஒட்டினேன். எழுத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் லயத்தில் ஓட்டு என்றால் ஓட்டு வீட்டு ஓட்டுத்தான் அண்ணா! கூரைக்கு ஓடு போடப் போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, சூளையோரம் கழித்துப்போட்ட ஓட்டில் ஆளுக்கொன்று பொறுக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

மண்டோருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏம்மா நல்லம்மா, ஒரு ஓடுன்னு எழுதத் தெரியாம ஒரு ஓட்டுன்னு எழுதிட்டியே! இந்தப் படிப்புக்குத்தானா இத்தனை மண்ணெண்ணெய் எரிச்சே?”

உங்கள் மைத்துனர் என் காதருகே வந்து, “எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிடு புள்ள, மானம் போகுது” என்றார். எதற்குப் போக வேண்டும்? “கையில இருக்கிற ஓடுதான் உங்க ஓட்டு. துரைகிட்ட பேச மண்டோரே வேணும்னா இடது பக்கம் அடுக்குங்க, ஃபிட்டர் ஜெயராஜு வேணும்னா வலது பக்கம் அடுக்குங்க” என்றேன். ஒருவரும் அசையவில்லை. காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டால்தானே அன்றைக்கு வேலை! அவர் பார்க்க எவன் வலது பக்கம் போவான்? உடனே என் கூறைப்புடவையைக் கொண்டுவந்து இரண்டு தூணுக்கும் குறுக்கே கட்டிவிட்டேன்.

“மறைச்சு வைக்க இதென்ன திருட்டுக் காரியமா?” என்று மண்டோர் குதித்தார்.

“சாமிக்கே திரை போட்டுத்தானே அலங்காரம் பண்றோம் மண்டோரண்ணே? திரையை எடுத்ததும் எல்லாரும் கண் குளிரப் பாத்துக்கலாம்.”

சாம்பல் அள்ளும் மாரியாயி அக்காதான் முதலில் ஓட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனது. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். திரை விலகியதும் நான் எண்ணினேன். எண்ணியதை மறுபடி எண்ணிவிடாதபடி ஒவ்வொரு ஓட்டின் அடிப்பக்கத்திலும் கரித்துண்டால் குறி போட்டேன், ஜெயராஜுக்கு ஒரு கோடு, மண்டோருக்குப் பெருக்கல் குறி. ஜெயராஜ் இருபத்தைந்து, மண்டோர் பதினேழு. துரை எண்ணுவதற்காக இரண்டு அடுக்கையும் கோயில் சுவரோரம் அப்படியே வைத்திருக்கிறோம். ஆகையால் காரியம் பழுதில்லாமல் முடிந்தது. நீங்கள் கவலைப்படவோ, பதில் எழுதிச் சிரமப்படவோ வேண்டாம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். முருகன் உங்கள் இருவரையும் குடையாக நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த தங்கை
நல்லம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஏணி சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரோரம் ஒரு ஓட்டுக்கூட இல்லை. மாரியாயி அக்கா பாய் போடும் மூலைக்கு மேலே, அத்தாப்பைப் பிரித்துவிட்டு, நாற்பத்திரண்டையும் கலந்து வேய்ந்துகொண்டிருக்கிறார் மண்டோர். “ஏழை நனையறா, பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?” என்கிறார். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது, ஜெயராஜுக்கு ஓட்டுப் போட்டவர்களே ஓடு எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் ஓட்டைக் கொண்டே அவர் புண்ணியம் கட்டிக்கொண்டார், எண்ணிக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன் அண்ணா. குறி எல்லாம் அடிப்பக்கம்தானே! கோடு இருபத்தைந்தும் பெருக்கல் பதினேழும் பளிச்சென்று தெரிகின்றன. துரை அந்தப் பாயில் மல்லாந்து படுத்தால் ஓட்டையும் எண்ணலாம், மிச்சக் கூரையில் உள்ள ஓட்டையையும் எண்ணலாம். துரையைப் பாயில் படுக்கச் சொல்ல இங்கிலீஷில் மரியாதையான வார்த்தை என்ன? புதன்கிழமைக்குள் பதில் எழுதவும்.