பதினான்காம் எண் சட்டை

கத்தரிக்கோல் கழுத்துப்பட்டியைத் தொட்டதும் டெல்மரின் கை மூன்றாவது தடவையாக நின்றுவிட்டது.

மேசையில் கிடந்தது பழைய பேஸ்பால் வீரர் ஆர்லோ ப்ரூட் பந்து வீசிய காலத்துச் சட்டை. சாம்பல் நிறக் கம்பளி, மெல்லிய நீலக் கோடுகள், முதுகில் பதினான்கு. ஆர்லோவின் சட்டைகளில் மிஞ்சியது இது ஒன்றுதானாம். அதை நகமளவு எண்ணூறு துண்டுகளாக்கி, ரசிகர்கள் சேகரிக்கும் பேஸ்பால் அட்டைகளில் பதித்து விற்பது அந்த ஒஹாயோ கம்பெனியின் தொழில். வெட்டுவது டெல்மரின் வேலை.

"இன்னுமா ஆரம்பிக்கல?" முதலாளி ராண்டல் எட்டிப் பார்த்தார்.

"மனசு வரல, பாஸ். பாவம் இல்லையா?"

"ஒரே பணக்காரன் அலமாரியில தொங்கணுமா, எண்ணூறு ரசிகன் வீட்ல இருக்கணுமா? எதுய்யா நியாயம்?"

"அப்போ மியூசியத்துல இருக்கற ஓவியத்தையும் வெட்டிக் குடுக்கலாமே!"

ராண்டல் கொஞ்சம் யோசித்தார். "நல்ல ஐடியா. முதல்ல இதை முடி."

அன்று மாலை சட்டை டெல்மரின் சாப்பாட்டுப் பைக்குள் வீட்டுக்குப் போனது. மனைவி இறந்த பிறகு யாரும் போர்த்தாத சாம்பல் கம்பளிப் போர்வை ஒன்று அங்கே இருந்தது. வெகுநேரம் அதை மடியில் வைத்திருந்தார். மறுநாள் சட்டைக்குப் பதில் அந்தப் போர்வை எண்ணூறு துண்டுகளாகிவிட்டது.

"கோடு எங்கய்யா?" என்றார் ராண்டல்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல பார்த்து வெட்டினேன்."

"எண்ணூறையுமா? கோடு இருந்தாத்தானே ஜனங்க நம்புவாங்க! கோட்டுத் துண்டு இருநூறு வேணும்."

டெல்மர் கதவைச் சாத்திக்கொண்டு இருநூறு துண்டுகளில் நீலப் பேனாவால் கோடு போட்டார். பதற்றத்தில் கை பட்டுக் காப்பி துண்டுகள் மேல் கொட்டியது.

ராண்டல் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"மண்ணு! பந்தைப் பிடிக்க விழுந்து புரண்ட மண்ணுய்யா! இதை ஆர்லோவோட மனைவியே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு அறிவிப்பு: யாரோ துண்டுகளைத் திருடுகிறார்களாம், எல்லார் பையும் வாசலிலேயே சோதனை. வீட்டில் வைக்கவும் பயம். டெல்மர் அசல் சட்டையைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஜூலை மாதம். கம்பளி. ஆறாக வியர்த்தது.

"காய்ச்சலா?"

"இல்ல பாஸ், சந்தோஷம்."

ஆர்லோவின் மனைவி ஒபீலியா ப்ரூட் வந்தாள். எண்பத்தெட்டு வயது, கையில் தடி. ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தாள், முகர்ந்தாள்.

"காப்பி வாசனை வருது. இது நான் குடுத்த சட்டை இல்ல."

ராண்டல் மெல்லத் திரும்பினார். டெல்மருக்குத் தாங்கவில்லை. மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார். முதுகில் பதினான்கு.

"மன்னிச்சுடுங்கம்மா. வேலை போனாலும் பரவாயில்ல. உங்க வீட்டுக்காரர் சட்டையை வெட்ட என் கை வரல."

ராண்டல் நாற்காலியில் சரிந்தார். ஒபீலியா தடியால் டெல்மரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கழட்டுடா மடையா! என் புருஷன் சட்டையை அவரோடவே புதைச்சாச்சு. இது டீம்ல அவரோட இடத்தையும் நம்பரையும் பறிச்சுக்கிட்ட கிளைட் வெஸ்டனோடது, டீம் துணி துவைக்கறப்போ நான் ஒளிச்சு வெச்சது. இதை எண்ணூறு துண்டா வெட்டறதைக் கண்ணால பார்க்கத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்!"