அரிவாள் தீட்டிய சாமி

வருங்கால மாமனாரிடம் பெருமை பேசாதவன் புத்திசாலி. நான் பேசினேன்.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில், நெல் விளைகிற வயல் இருந்தால்தான் பெண் என்று செல்லாயியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு இருந்ததோ ஒரு சேற்றுப் பள்ளம். (எருமையே யோசித்துத்தான் இறங்கும்.) வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தேன். அடிச்சேற்றில் உள்ளங்கை அகலக் கருங்கல் ஒன்று கிடைத்தது. கோடரி மாதிரி ஒரு முனை கூர்மை, உடம்பெல்லாம் வழவழப்பு. எந்தக் காலத்து மனுஷன் தேய்த்துச் செய்த ஆயுதமோ! அதில் அரிவாள் தீட்டினேன், பலாக்கொட்டை உடைத்தேன், ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

வயல் பார்க்க மாமா வந்தார். சும்மா இருந்திருக்கலாம். "நம்ம வயல்ல கெடச்சதுங்க மாமா" என்று கல்லை எடுத்து வந்து நீட்டித் தொலைத்தேன். மனுஷர் அப்படியே சேற்றில் விழுந்து கும்பிட்டார். இந்த மாதிரிக் கல்லைச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் மலை வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்த சாமியெல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கும். சேறு பூசிய சாமியை நான் எங்கே கண்டேன்?

பொழுது சாய்வதற்குள் ஊர் கூடிவிட்டது. சாமி கிடைத்த இடத்தில்தான் இருக்கணும், அந்த வயலில் இனி ஏரே பூட்டக் கூடாது என்று சொல்லி நட்டநடு வயலில் மேடை போட்டார்கள். வயல் போச்சு. வயலோடு செல்லாயியும் போச்சு. அது சாமி இல்லை, நான் அரிவாள் தீட்டுகிற கல் என்று உளறினேன். அத்தோடு நிறுத்தினேனா? பலாக்கொட்டை, கட்டில்கால், எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சாமிக் குத்தத்துக்கு எனக்கு மொட்டை போட்டு, சேவல் அறுக்க வைத்து, ஆயுசு முழுக்க அந்தச் சாமிக்கு நான்தான் பூசாரி என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். மாமா மெல்லத் துண்டை உதறினார். "வயலில்லாதவனுக்கு எப்படீங்க பொண்ணு குடுக்கறது?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செல்லாயியின் குரல் வந்தது. "மொதல்ல விழுந்து கும்புட்டது நீங்கதானுங்கப்பா. பூசாரி ஊட்டுல பொங்க வெக்க ஒருத்தி வேணாமுங்களா?"

ஊர் மொத்தமும் மாமாவைப் பார்த்தது. சாமியின் பூசாரிக்குப் பெண் மறுத்தால் அதுவும் சாமிக் குத்தம், அவருக்கும் மொட்டை. அவர் தலையைத் தடவிக்கொண்டே சம்மதித்தார்.

அந்த வயலில் ஒரு நெல்மணிகூட விளையவில்லை. அரிசியை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து இன்னமும் தலைச்சுமையாகத்தான் கொண்டுவருகிறேன். வீட்டில் அரிவாள் மழுங்கினால் போதும், பேரன் பேத்திகளை வைத்துக்கொண்டே செல்லாயி ஆரம்பித்துவிடுவாள்:

"பூசாரியாரே, சாமியக் கொஞ்சம் கூட்டியாங்க."